ஃபிளாப்பி பேர்ட்

வியட்நாம் தலைநகர் ஹனோயைச் சேர்ந்த நிரலாளர் டோங் நுயென் தனியொருவராக உருவாக்கிய கைப்பேசி விளையாட்டு. வேலை போக எஞ்சிய ஓய்வு நேரத்தில், சில நாட்களிலேயே எழுதப்பட்டது. 2013 மே மாதம் ஐபோனுக்கும் 2014 ஜனவரியில் ஆண்ட்ராய்டுக்கும் வெளியானது.

திரையைத் தொடும்போதெல்லாம் பறவை ஒருமுறை சிறகடித்து மேலெழும். தொடாவிட்டால் கீழே விழும். பச்சைக் குழாய்களின் இடைவெளியை மோதாமல் கடந்தால், ஒவ்வொரு குழாய் இணைக்கும் ஒரு புள்ளி. விளையாட்டு இலவசமாகக் கிடைத்தது, வருவாய் விளம்பரங்களிலிருந்து வந்தது.

2014 தொடக்கத்தில் பல நாடுகளின் ஆப் ஸ்டோரில் முதலிடம் பிடித்தது. நாளொன்றுக்குச் சுமார் 50,000 டாலர் ஈட்டியதாகச் செய்திகள் வெளிவந்தன. ஆட்டக்காரர்கள் இதற்கு அடிமையாவதை விரும்பாத நுயென், 2014 பிப்ரவரியில் விளையாட்டை அகற்றினார். தனி நிரலாளரின் எளிய ஆக்கமும் உலகை எட்டும் என்பதற்கு இது தலைசிறந்த சான்று.