வட்டை வழக்கும் மேன்முறையீடும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல். கிழக்கே எழுவான்கரையில் நிலச்சொந்தக்காரரான போடியார் பலரின் வீடு. நீர்ப்பங்கு, வரம்பு, கட்டாக்காலி மாடு என எழும் பிணக்குகள் முதலில் வயற்பரப்பின் பொறுப்பாளரான வட்டவிதானையிடம் போகும். மாடு பயிரை மேய்ந்தால் அதன் தோலில் சுட்டிருக்கும் குறியைப் பார்ப்பார்கள். அது உரியவரின் குடியை, அதாவது குலத்தை, காட்டிவிடும். அதன்பின் சேதத்தை நேரில் பார்த்து நட்டஈடு பேசுவார்கள். தீர்ப்பவருக்கு வட்டை என்னும் வயற்பரப்பு முழுவதும் தெரியும். அவர் போடியாருக்கு உறவாகவும் இருக்கக்கூடும்; தோற்றவர் மேலே முறையிட விரும்புவதற்கு அதுவே போதும்.

ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் வந்த 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நீர்ப்பாசன வழக்காறுகளுக்குச் சட்டவலு கொடுத்தது. நிலச்சொந்தக்காரர் கூடித் தம் விதிகளை வகுக்கலாம், மீறியவரைச் சுருக்க முறையில் விசாரிக்கலாம், வழக்கறிஞருக்கு இடமில்லை. 1871இன் கிராமச் சங்கச் சட்டமும் கிராம மன்றுகளில் அதே தடையை வைத்தது. செலவு குறைந்தது, உண்மைதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த போடியாரும் கைநாட்டு வைக்கும் வயற்காரரும் எதிரெதிரே நின்றபோது இருவருக்குமே வழக்கறிஞர் இல்லை என்ற சமத்துவம் பெயரளவில்தான் இருந்திருக்கும்.

கிராம மன்றின் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடு அரசாங்க அதிபரிடமும், அவருக்கு மேல் ஆளுநரிடமும் போனது. படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர் ‘பாதை’ என்னும் மிதவையேறி வாவியைக் கடந்து, புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதாவது அதிபரின் அலுவலகத்துக்கு, வரவேண்டும். அங்கே மேன்முறையீட்டைக் கேட்ட அதிபரே மாகாணத்தின் வருமானத்துக்கும் நிருவாகத்துக்கும் பொறுப்பானவர். முறையின் பெரிய குறை இதுதான்.

இதே குறை பிற்காலத்தில் ஐரோப்பாவிலும் பேசப்பட்டது. காப்புரிமை விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் முறையிடும் மேன்முறையீட்டுச் சபைகள், மறுத்த ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்குள்ளேயே இயங்கின. கருத்துச் சொல்ல வாய்ப்புத் தராத காரணத்தை வைத்து எவருக்கும் எதிராக முடிவெடுக்கக் கூடாது என்று ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 113ஆம் உறுப்புரை சொல்கிறது. கேட்பவர் எவ்வளவு சுதந்திரமானவர் என்ற கேள்வி அதனால் தீரவில்லை. விரிவாக்கப்பட்ட மேன்முறையீட்டுச் சபையின் தலைவர் அலுவலக நிருவாகத்திலும் இருந்ததால், அவர்மீது பக்கச்சார்பு ஐயம் கொள்ள இடமுண்டு என 2014இல் முடிவானது. 2016இல் சீர்திருத்தம் வந்தது; 2017இல் சபைகள் மியூனிக் நகரை அடுத்த ஹார் என்ற ஊருக்கு மாறின.

இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் குத்தகைப் பிணக்குகளுக்குத் தனிப் படிகளை அமைத்தது. வெளியேற்றப்பட்ட குத்தகைக்காரர் கமநல சேவை ஆணையாளரிடம் முறையிட்டால் விசாரணை நடக்கும். முடிவை ஏற்காதவர் மீளாய்வுச் சபைக்குப் போகலாம். அவர் உண்மையில் குத்தகைக்காரரா, கூலிக்கு வேலை செய்தவரா என்பது அங்கே பெரும்பாலும் முதற் கேள்வி. எழுத்தில் உடன்படிக்கை இல்லாத இடத்தில் வயல் வேலையை மேற்பார்க்கும் முல்லைக்காரனும் அயல் வயற்காரரும் சொல்லும் சாட்சியமே கனத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் கமநல நியாயசபையும் மீளாய்வுச் சபையும் இடம்பெற்றன.