கால் ராத்தல் பாதரசம்

'ருத்பத்துல் ஹகீம்' என்னும் அந்தலூசிய இரசவாத நூல் நெடுங்காலம் மஸ்லமா அல்மஜ்ரீதியின் பெயரில் வழங்கிற்று. கி.பி. 964இல் மறைந்த மஸ்லமா இப்னு காஸிம் அல்குர்துபீயே அதன் ஆசிரியர் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. கால் ராத்தல் பாதரசத்தை (நம் ராத்தலும் அரபியின் 'ரத்ல்'தான்) முட்டை வடிவக் கண்ணாடிக் கலத்திலிட்டு, நாற்பது நாள் இரவும் பகலும் இளஞ்சூட்டில் வைத்ததாக அவர் எழுதுகிறார். அனைத்தும் சிவந்த பொடியாயிற்று. எடை மட்டும் மாறவில்லையாம்.

லாவோசியரின் பொருண்மை அழியா விதியை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நாம் கண்டுவிட்டோம் என்று இதைக்கொண்டு பெருமை பேசுவோர் நம்மிடையே உண்டு. கணக்கோ அதற்கு இடம் தரவில்லை. அப்பொடி பாதரச ஆக்சைடு எனில், இரண்டு மோல் பாதரசத்துடன் ஒரு மோல் ஆக்சிஜன் சேர்ந்திருக்க வேண்டும். 401 கிராமுக்கு 32 கிராம். அதாவது நூற்றுக்கு எட்டுப் பங்கு எடை கூட வேண்டும். வெளிக்கலத்தில் கை வைக்கலாம் என்னும் அளவு மெல்லிய சூட்டில் அவ்வாக்சைடு உருவாவதே ஐயத்திற்குரியது. இத்தகைய கணக்குக்கு ஜெர்மானியரான ரிக்டர் 1792இல்தான் பெயரே சூட்டினார்.

ஆயினும், சோதனைக்கு முன்னும் பின்னும் எடையைக் குறித்தாரே, அதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஜாபிரின் 'மீஸான்' கூறும் 1:3:5:8 என்னும் விகிதம் எழுத்துகளோடு பிணைந்த எண் தத்துவத்தைச் சார்ந்தது. தராசில் நிறுத்துப் பெற்றதன்று.