புலிக்கணவாயும் செவ்வாயும்: ‘ஷெர்கோட்டைட்’ பெயர் வரலாறு

2025 ஜூலையில் நியூயார்க்கில் ஒரு விண்கல் ஏலம் போனது. எடை 24.67 கிலோ. பூமியில் கிடைத்த செவ்வாய்க் கற்களுள் இதுவே பெரியது. கண்டெடுத்த இடம் நைஜர் நாட்டுப் பாலைவனம். பதிவேட்டுப் பெயர் ‘வடமேற்கு ஆப்பிரிக்கா 16788’. வகை மட்டும் ‘ஷெர்கோட்டைட்’. அது பிகார் மாநிலம் கயை மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரிலிருந்து வந்த சொல். செவ்வாயில் பிறந்து ஆப்பிரிக்காவில் கிடைத்த கல்லுக்குப் பிகார் ஊர்ப்பெயர் எப்படி ஒட்டியது?

அந்த ஊர் இன்று ஷேர்காட்டி என்று வழங்குகிறது. ‘ஷேர்’ பாரசீகத்தில் சிங்கம். இந்திப் பேச்சு வழக்கில் புலியையும் குறிக்கும். ‘காட்டி’ என்றால் மலையிடை வழி. கொடைக்கானலுக்கு ஏறும் ‘காட் ரோடு’ என்கிறோமே, அந்தக் ‘காட்’டுக்கு இது உறவு. ஊர்ப்பெயரைத் தமிழில் ‘புலிக்கணவாய்’ எனலாம். ஆங்கில அலுவலர்கள் இதை ‘ஷெர்கோட்டி’ என்று ஏட்டில் எழுதினார்கள். உதகமண்டலத்தை ‘ஊட்டகமண்ட்’ என்று கேட்ட அதே காதுதான் இங்கும் வேலை செய்திருக்கிறது.

1865 ஆகஸ்ட் 25 காலையில் அங்கே சுமார் 5 கிலோ எடையுள்ள கல் ஒன்று விழுந்தது. அதன் பெரும்பகுதி இன்றும் கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிடம் இருக்கிறது. அந்நாளில் அருங்காட்சியகங்கள் விண்கல் துண்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். அப்படி ஒரு துண்டு வியன்னாவில் குஸ்தாவ் செர்மாக் என்ற கனிமவியலாளர் கைக்குப் போனது. 1872-இல் அவர் அதை விரிவாக ஆராய்ந்தார். படிகம்போல் வடிவம் இருந்தும் கண்ணாடியின் இயல்பைக் காட்டிய ஒரு பொருள் அதில் அகப்பட்டது. அதற்கு, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நெவில் ஸ்டோரி-மாஸ்கலின் நினைவாக ‘மாஸ்கலினைட்’ என்று பெயரிட்டார். கடும் அதிர்ச்சியில் ஒருவகைக் கனிமம் உருகாமலே கண்ணாடியாகிவிடும் என்பது 1963-இல் நடந்த வெடிப்புச் சோதனையில்தான் தெரிந்தது. கோளை விட்டு வீசியெறியப்படும் அளவுக்குக் கல் அடிவாங்கியிருக்கிறது என்பதற்கு அந்தக் கண்ணாடி சாட்சி.

கனிமத்துக்கு ஆளின் பெயர் கிடைத்தது. கல்வகைக்கு ஊரின் பெயர். 1883-இல் செர்மாக் வெளியிட்ட வகைப்பாட்டில் ‘ஷெர்கோட்டைட்’ தனி வகையாக நிற்கிறது. ‘ஐட்’ கிரேக்க விகுதி. ‘அதைச் சார்ந்தது’ என்று பொருள் தரும். அதே வகைப்பாட்டில் ஆளின் பெயர் தாங்கிய வகைகளும் உண்டு: வேதியியலாளர் எட்வர்ட் ஹோவர்டின் பெயரில் ஹோவர்டைட், கண்ணுக்குத் தெரியாத கற்கள் விண்மீன்களோடு சுற்றுகின்றன என்று சொன்ன கிரேக்க அறிஞர் டயோஜெனஸ் பெயரில் டயோஜெனைட். ஆயினும் ஊர்ப்பெயர்களே பெருகின. பிரான்சின் சாசின்யி ஊரில் 1815-இல் விழுந்த கல் சாசின்யைட்டையும், எகிப்தின் நக்லாவில் 1911-இல் விழுந்த கற்கள் நக்லைட்டையும் தந்தன.

நம் இலக்கணம் இதை இடவாகுபெயர் என்று சொல்லிவிடும். ‘காஞ்சிபுரம் உடுத்தினாள்’ என்றால் ஊரையா உடுத்தினாள்? அங்கே நெய்த பட்டை. ஆனால் ஷெர்கோட்டைட் இன்னும் ஓரடி தள்ளிப் போகிறது. ஷேர்காட்டியில் விழுந்தது ஒரே கல். 1962-இல் நைஜீரியாவின் ஸகாமியில் விழுந்ததும், 2011-இல் மொராக்கோவின் டிஸ்ஸின்டில் விழுந்ததும் ஷெர்கோட்டைட்டுகளே. முதலில் விழுந்ததற்காக அல்ல, முதலில் நுணுக்கமாக விவரிக்கப்பட்டதற்காகவே அந்த ஊர் முழு வகைக்கும் பெயரானது.

எல்லா ஊருக்கும் இந்த வாய்ப்பு நிலைக்கவில்லை. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி அருகே 1852-இல் விழுந்த கல்லின் பெயரால் ‘பஸ்டைட்’ என்றொரு வகையும் செர்மாக் காலத்தில் இருந்தது. பின்னாளில் அந்த வகைக்கு, பிரான்சின் ஓப்ரில் 1836-இல் விழுந்த கல்லை ஒட்டி ‘ஓப்ரைட்’ என்ற பெயரே நிலைத்தது. பஸ்தி பழைய ஏடுகளோடு நின்றுவிட்டது.

ஷெர்கோட்டைட்டின் பொருள் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு புரண்டது. இந்தக் கற்கள் மற்ற விண்கற்களைவிட மிக இளையவை. குறுங்கோள் ஒன்றில் அவ்வளவு பிந்திய காலத்தில் எரிமலைக் குழம்பு இருந்திருக்க முடியுமா என்று ஐயம் எழுந்தது. அன்டார்க்டிகாவில் 1979-ஆம் ஆண்டுத் தேடலில் கிடைத்த ஷெர்கோட்டைட் ஒன்றின் கண்ணாடிக்குள் வாயு சிறைப்பட்டிருந்தது. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அளந்த காற்றோடு அது பொருந்துவதை 1983-இல் வெளியிட்டார்கள். செவ்வாய்க் கல் என்று தெரிந்த பிறகும் பிகார்ப் பெயரை யாரும் மாற்றவில்லை. வகைப்பெயர் வந்த இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு வகையோடு குழம்பாமல் இருந்தால் போதும்.

தனிக் கல்லுக்குப் பெயரிடும் விதி வேறு. சர்வதேச விண்கல் சங்கத்தின் பெயரிடு குழு, கிடைத்த இடத்துக்கு அருகிலுள்ள ஊரையோ நிலப்பெயரையோ வைக்கும். சகாராவில் நாடோடிகள் பொறுக்கி, வியாபாரிகள் கைமாறி வரும் கற்களுக்கு இடம் சரியாகத் தெரிவதில்லை. அதனால் ‘வடமேற்கு ஆப்பிரிக்கா’வும் ஓர் எண்ணும் மட்டுமே கிடைக்கின்றன. அரிய கல் சேகரிப்பவர்கள், கண்ணெதிரே விழுந்து ஊரும் நாளும் உறுதியான கல்லைத் தனியாக மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் ஊருக்கும் இந்தப் பட்டியலில் இடமுண்டு. 1890 ஜூனில் அன்றைய சேலம் மாவட்டத்தில் விழுந்த சிறு கல் ‘ககங்கரி’ என்று பதிவானது. ஒலியையும் இடக்குறிப்பையும் வைத்துப் பார்த்தால் திருப்பத்தூர் பக்கத்துக் காக்கங்கரையாக இருக்கலாம் என்று கொள்ளத் தோன்றுகிறது. அறிந்த எந்தத் தொகுதியிலும் அடங்காத கல் அது. 1996-இல் அதைப்போன்ற வேறு இரண்டைச் சேர்த்து, அதன் முதலெழுத்தால் ‘கே’ என்று ஒரு குறுந்தொகுதி அமைத்தார்கள். முழுத் தொகுதி என்று சொல்லக் குறைந்தது ஐந்து கற்கள் வேண்டும் என்பது வழக்கம். ஷேர்காட்டிக்கு ஆப்பிரிக்காவும் அன்டார்க்டிகாவும் உறவுகளைத் தேடித் தந்தன. நம் ஊர்ப்பெயரின் தகுதியையும் இனி எங்கோ கிடைக்கும் கற்கள்தான் முடிவுசெய்யும்.