இரத்தமா, சிறுநீரா? பந்தயக் குதிரையின் மருந்துச் சோதனை

அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்தும், மருந்துச் சோதனையால் வெற்றியைப் பறிகொடுத்த குதிரைகள் இரண்டு. 1968இல் டான்சர்ஸ் இமேஜைச் சிக்கவைத்தது சிறுநீரில் தெரிந்த ஃபீனைல்பியூட்டசோன். 2021இல் மெதினா ஸ்பிரிட்டைச் சிக்கவைத்தது இரத்தத்தில் தெரிந்த பீட்டாமெத்தசோன். இரண்டு திரவங்களும் ஓர் உடலிலிருந்து வருபவைதான். ஆனால் அவை சொல்லும் சாட்சியம் வேறு வேறு.

இரத்தம் எடுப்பது எளிது. கழுத்துச் சிரையில் ஊசி போட்டால் போதும். சிறுநீருக்கோ குதிரை மனம் வைக்க வேண்டும். அதைக் கொட்டடியில் நிறுத்திவிட்டுப் பணியாளர் சீட்டியடித்துக்கொண்டு காத்திருப்பார். கிடைத்த சிறுநீரும் சளியும் கால்சியம் கார்பனேட் படிகங்களும் சேர்ந்து கலங்கலாக இருக்கும்.

ஆய்வகத்தில் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, புரதங்களை நீக்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. சிறுநீருக்கு ஒரு படி கூடுதல். உடலை விட்டு வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் மருந்தை உருமாற்றி, அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ பிணைத்துவிடுகிறது. நொதி கொண்டு அந்தப் பிணைப்பை முதலில் வெட்ட வேண்டும். அதன்பின் இரண்டுக்கும் ஒரே வழிதான். திரவ குரோமட்டோகிராஃபி கலவையைப் பிரித்துத் தர, நிறை நிறமாலைமானி ஒவ்வொரு அயனியையும் நிறை-மின்னூட்ட விகிதத்தால் இனம் காண்கிறது. பிறகு அதை உடைத்து, சிதறல்களை அசல் மாதிரியின் சிதறல்களோடு ஒப்பிடுகிறது.

காலத்தைப் பொறுத்தவரை சிறுநீருக்கே நினைவாற்றல் அதிகம். மருந்தும், அது உருமாறி உண்டாகும் வளர்சிதைப்பொருள்களும் அங்கே செறிந்து சேர்வதால், இரத்தத்தில் தடயம் மங்கிய பிறகும் பல மருந்துகள் சிறுநீரில் அகப்படும். மயக்கமூட்டியான அசிப்ரோமசின் நல்ல எடுத்துக்காட்டு. சிறுநீரில் உருமாறாத தாய்மருந்து அரிதாகவே தென்படும். தேட வேண்டியது அதன் வளர்சிதைப்பொருளைத்தான்.

அளவைப் பொறுத்தவரை இரத்தமே நம்பகமானது. குதிரை எவ்வளவு நீர் குடித்தது, எப்போது கடைசியாகச் சிறுநீர் கழித்தது என்பவற்றால் சிறுநீரின் செறிவு ஏறியிறங்கும். பிளாஸ்மாவின் செறிவோ அந்த நேரத்தில் உடலில் மருந்து எந்த அளவில் ஓடுகிறது என்பதோடு நெருக்கமாக ஒட்டியிருக்கும். தீவனத்திலிருந்தே உடலில் சேரக்கூடிய சாலிசிலிக் அமிலத்துக்குப் பன்னாட்டுப் பந்தய விதி வைத்திருக்கும் வரம்புகளைப் பாருங்கள்: சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 750 மைக்ரோகிராம், பிளாஸ்மாவில் 6.5 மைக்ரோகிராம். நூறு மடங்குக்கும் மேலான இடைவெளி. எந்தத் திரவம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதில் பொருளில்லை.

மெதினா ஸ்பிரிட் வழக்கில் இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் உள்ள வேறுபாடு நீதிமன்றம் வரை போனது. இரத்தத்தில் கண்டது மில்லிலிட்டருக்கு 21 பிக்கோகிராம் பீட்டாமெத்தசோன். அது மூட்டில் போட்ட ஊசியா, தோலில் தடவிய களிம்பா என்று இரத்தம் சொல்லவில்லை. ஊசி மருந்தில் இருப்பது அசிட்டேட் வடிவம். களிம்பில் இருப்பது வேலரேட் வடிவம். சிறுநீரை நியூயார்க் ஆய்வகம் ஒன்றில் சோதித்தபோது வேலரேட் தெரிந்தது, அசிட்டேட் தெரியவில்லை என்று குதிரை உரிமையாளரின் வழக்கறிஞர் அறிவித்தார். ஆயினும் 2022 பிப்ரவரியில் வெற்றி பறிக்கப்பட்டது. பந்தய நாளில் அந்த மருந்து இருந்ததே மீறல், வந்த வழி பொருட்டல்ல என்ற நிலைப்பாடே வென்றது.

ஆகவே ஒன்றை உயர்த்தி மற்றதைத் தள்ள முடியாது. பரந்து தேடவும் வந்த வழியை ஆராயவும் சிறுநீர். அளவை முடிவுசெய்ய இரத்தம். இரண்டையும் எடுத்துவைக்கும் பந்தயத் திடலில்தான் குதிரைக்கும் அதன் பயிற்சியாளருக்கும் முழு நியாயம் கிடைக்கும்.