கீசிங் மேட்டில் ஒரு நீலக் கொடி

1963-ல் ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் பூண்டஸ்லிகாவைத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே லீக். இடம் 16 அணிகளுக்கு மட்டும். மியூனிக் நகருக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். அது பயர்னுக்குக் கிடைக்கவில்லை. தென் மண்டல லீகில் அந்த வருடம் சாம்பியனான 1860 மியூனிக்கைக் கூப்பிட்டார்கள். பயர்ன் முறையிட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை.

அந்த நாளில் பெரிய வீடு 1860-தான். நீலச் சட்டை, சிங்கச் சின்னம், உழைப்பாளிகள் நிறைந்த கீசிங் பகுதியின் மேட்டில் கிரூன்வால்டர் மைதானம். பயர்னும் பல ஆண்டுகளாக அதே மைதானத்தில்தான் ஆடிவந்தது. 1964-ல் ஜெர்மன் கோப்பையை வென்ற 1860, மறு வருடம் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதிப் போட்டிவரை போய் வெம்ப்ளியில் வெஸ்ட் ஹாமிடம் தோற்றது. 1965 ஆகஸ்ட் 14 அன்று, மேலே ஏறிவந்த பயர்னோடு முதல் பூண்டஸ்லிகா மோதல். முதல் நிமிடத்திலேயே கோனியட்ஸ்கா அடித்த ஒரே கோலில் 1860 ஜெயித்தது. அந்த சீசனின் சாம்பியனும் அவர்களே.

அப்புறம் எப்படிச் சாய்ந்தது தராசு?

எல்லோரும் சொல்லும் கதை ஓர் அறையைப் பற்றியது. ஃபிரான்ஸ் பெக்கன்பவர் கீசிங்கில் பிறந்து வளர்ந்த பையன். 1860-ல் சேர்வதுதான் அவன் ஆசை. 1958-ல் சிறுவர் போட்டி ஒன்றில் 1860 பையன் ஒருவன் அவன் கன்னத்தில் அறைந்துவிட, கோபத்தில் பயர்னுக்குப் போய்விட்டான். நல்ல கதை, உண்மையும்கூட. ஆனால் ஒரு கிளப்பின் தலையெழுத்தையே அந்த ஒரு அறையில் ஏற்றிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1963-ல் சாத்தப்பட்ட கதவையே நான் பெரிதாக நினைக்கிறேன். இரண்டாம் தட்டில் கிடந்த பயர்னிடம் நட்சத்திரங்களை வாங்கப் பணம் இல்லை. அந்த வருடம் பயிற்சியாளராக வந்த சாய்கோவ்ஸ்கி, இளைஞர்களை வைத்தே அணியைக் கட்டினார். கோலில் ஸெப் மையர், பின்னால் பெக்கன்பவர், முன்னால் கெர்ட் முல்லர். முல்லரைத் தேடி நோர்ட்லிங்கனுக்கு 1860 ஆட்களும் கிளம்பியிருந்தார்கள். பயர்ன் நிர்வாகி ஃபெம்பெக் முந்திக்கொண்டார். இந்த மூவரோடு பயர்ன் 1974, 75, 76 என்று மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது.

1860-க்கோ 1970-ல் இறக்கம். 1982-ல் லைசென்ஸே பறிபோய் மூன்றாம் தட்டு. 1994-ல் மீண்டும் மேலே வந்து, 1999-2000 சீசனில் பயர்னை இரண்டு முறையும் வென்றது. அந்த உற்சாகம் அடங்குவதற்குள், பயர்னோடு பாதிப் பங்கு போட்டு அலையன்ஸ் அரீனாவைக் கட்ட இறங்கினார்கள். அந்த நாட்களில் பயர்ன் ஆடினால் வெளிச்சுவர் சிவப்பாக ஒளிர்ந்தது, 1860 ஆடினால் நீலமாக. 2005 மே 30 அன்று அங்கே முதல் ஆட்டத்தை ஆடிய பெருமையும் 1860-க்கே. ஆனால் முந்தைய வருடமே அவர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தார்கள். 2006-ல் திவாலாகும் நிலை. பயர்ன் 1 கோடியே 10 லட்சம் யூரோ கொடுத்து அந்தப் பாதிப் பங்கை வாங்கிக்கொண்டது. அந்தப் பணம் இல்லையென்றால் 1860 பிழைத்திருக்காது. ஆனால் பணத்தை வாங்கிய அன்றே சொந்த வீட்டில் குடக்கூலிக்காரர்களாகிவிட்டார்கள். தூக்கிவிட்ட கையே பத்திரத்தையும் எழுதி வாங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

2017 மே 30. முதல் ஆட்டம் ஆடி சரியாகப் பன்னிரண்டு வருடம். அதே அரீனாவில் ரேகன்ஸ்பர்க்கிடம் தோற்று இரண்டாம் டிவிஷனையும் இழந்தார்கள். ரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கி வீச, ஆட்டம் நடுவில் நின்றது. சில நாளில் மூன்றாம் டிவிஷன் லைசென்ஸும் கைநழுவ, நேராக நான்காம் தட்டு.

1860 கீசிங் மேட்டுக்கே திரும்பியது. பழைய கிரூன்வால்டர், பழைய நீலக் கொடிகள். அங்கே பயர்னும் இருந்தது, தன் ரிசர்வ் அணியாக. அந்த சீசனில் ஒரே லீகில், ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொண்டு, 1966-ன் ஜெர்மன் சாம்பியன் பயர்னின் இளம் பையன்களோடு மோதியது.