மாகிம் கடற்பாலமும் தாராவித் தமிழர் குடியேற்றமும்

முன்னுரை

மும்பைத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் தென்னாட்டிலிருந்து அவர்களை ஏற்றிச்சென்ற இரயிலிலிருந்தே தொடங்கிப் பேசப்படுகிறது. அவர்கள் சென்று குடியேறிய நிலம் எவ்வாறு உருவாயிற்று என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. தாராவி நிலத்தின் உருவாக்கத்தில் மாகிம் கடற்பாலத்திற்குள்ள பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாலம் எழுந்த வரலாறு

பழைய பம்பாய் ஏழு சிறு தீவுகளின் தொகுதி. அவற்றுள் மாகிம் வடபகுதியில் அமைந்தது. கழியின் அக்கரையிலுள்ள பாந்திரா, சாஷ்டி என்னும் பெருந்தீவைச் சார்ந்தது. கிழக்கே சயானில், ஜோனதன் டங்கன் ஆளுநராக இருந்த காலத்தில் (1795–1811) கடல்வழிப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. மேற்கே மாகிமிலோ மக்கள் படகையே நம்பியிருந்தனர். மழைக்காலத்தில் அப்பயணம் உயிருக்கு இடரானது. பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் துணைவியார் ஆவாபாய், பாலம் அமைக்க 1,57,000 ரூபாய் வழங்கினார். கடப்போரிடம் சுங்கம் பெறலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1845இல் பாலம் திறக்கப்பட்டது.

நிலமும் தொழிலும்

நிலம் திரியின் அதன் கருப்பொருளும் திரியும் என்பதைத் திணைக்கோட்பாடு வழி அறிவோம். தாராவி இதற்குத் தக்க சான்று. கல்லும் மண்ணும் இட்டு உயர்த்திய இத்தகைய பாதைகளால் கடல்நீர் ஏறி வடியும் வழி குறுகியது. வண்டல் படிந்து, சதுப்பு மெல்ல மேடானது; பிற்காலத்தில் மண்ணும் குப்பையும் கொட்டப்பட்டு மேலும் உயர்ந்தது. கோலி மீனவரின் மீன்பிடித் தொழில் நலிந்தது. நெய்தல் நிலம் நகரின் புறஞ்சேரியாயிற்று.

பாந்திராவில் 1860களில் நகராட்சியின் இறைச்சிக்கூடம் அமைந்தது. கழியின் இக்கரையில், ஊருக்குப் புறம்பான தாராவியில், தோல் பதனிடும் தொழில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. அத்தொழிலில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் பெரும்பங்கு வகித்தனர். அக்கரையில் மூலப்பொருளும் இக்கரையில் தொழிற்கூடமுமாக அமைந்த இப்பிணைப்பினைச் சுங்கமில்லாப் பாலம் எளிதாக்கியது எனக் கருத இடமுண்டு.

தாராவியும் தேவ்நாரும்

இப்பிணைப்பு நிலைக்கவில்லை. 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்பட்டுவந்த தேவ்நாருக்கு 1971இல் இறைச்சிக்கூடம் மாற்றப்பட்டது. தோல் பதனிடும் கூடங்களும் பின்னர்த் தாராவியினின்று வெளியேற்றப்பட்டன. தோற்பொருள் செய்வோரே எஞ்சினர். தாராவி மறுசீரமைப்பிற்காகத் தேவ்நார்க் குப்பைமேட்டில் 124 ஏக்கர் நிலத்தை ஒதுக்க மகாராட்டிர அரசு 2024இல் முடிவு செய்தது. நகரம் தனக்கு வேண்டாதவற்றை விளிம்பிற்கு அனுப்புவதும், விளிம்பு மதிப்புடைய நிலமானதும் அங்குள்ளோரை அடுத்த விளிம்பிற்கு நகர்த்துவதும் இங்குத் தொடர்ந்து நிகழ்ந்துள்ளன.

முடிவுரை

2000 சனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்றுடையோர்க்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது மறுசீரமைப்புத் திட்டத்தின் விதி. நூறாண்டுக்கு மேற்பட்ட குடியேற்ற வரலாறு இவ்வாறு ஓர் ஆவணத்தில் ஒடுங்குகிறது. பாலத்திற்குப் பொருள் தந்தவரின் பெயர் ஏட்டில் நின்றது. சதுப்பை ஊராக்கியோரின் பெயர்கள் நிற்கவில்லை. தோல் தொழிற் குடும்பத்தினரின் வாய்மொழி வழக்காறுகளையும், கோயில், பள்ளிவாசல், சங்கப் பதிவேடுகளையும் குடியிருப்புகள் கலையும் முன்னரே தொகுத்தல் தமிழாய்வாளர் கடமையாகும்.