சொல்லாற் குடைந்த குகை

விடுகதை போடுபவருக்கும் அதனை விடுவிப்பவருக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று உண்டு. விடை வெளிப்பட்டவுடன், 'இது கண்முன்னே இருந்ததுதானே!' என்று கேட்டவர் வியக்க வேண்டும். அவ்வியப்பு எழாவிடில் அது விடுகதை ஆகாது. கணிப்பொறியில் பிறந்த சாகச விளையாட்டின் ஏறத்தாழ ஐம்பதாண்டு வரலாறு, இவ்வுடன்படிக்கை காக்கப்பட்டதும் மீறப்பட்டதுமான வரலாறே ஆகும். சொல்லோடு பழகும் நம் வட்டத்தார்க்கு அதில் அறிய வேண்டியவை பல உள.

1970களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நிரலாளராகப் பணியாற்றியவர் வில்லியம் கிரவுதர். கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியில் இறங்கி, அதன் வழிகளை அளந்து வரைபடமாக்கியவர்களுள் அவரும் ஒருவர். மணவாழ்வு முறிந்து, தம் பெண்மக்களைப் பிரிந்திருந்த நாளில், அவர்கள் ஆடி மகிழ்வதற்காக அக்குகையைச் சொற்களாலேயே கணிப்பொறிக்குள் அமைத்தார். அதில் படமும் இல்லை, ஒலியும் இல்லை. நிற்கும் இடத்தின் வருணனை எழுத்தில் தோன்றும். 'வடக்கே செல்', 'விளக்கை எடு' எனப் பொருள்படும் ஓரிரு ஆங்கிலச் சொற்களைத் தட்டச்சிட்டால் கதை நகரும். 1977இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ் இதனை விரிவாக்கினார். 'அட்வெஞ்சர்' என்ற இதன் பெயரே ஒரு வகைக்குப் பெயராயிற்று.

1979இல் தோன்றிய இன்ஃபோகாம் நிறுவனம் இவ்வகையை எழுத்துக் கலையாக வளர்த்தது. கவிஞர்களும் இத்துறையை ஒதுக்கவில்லை. பின்னாளில் (1997-2000) அமெரிக்காவின் அரசவைக் கவிஞராக விளங்கிய ராபர்ட் பின்ஸ்கி, 1984இல் 'மைண்ட்வீல்' என்னும் விளையாட்டை எழுதினார். மறைந்த நால்வரின் மனங்களுக்குள் பயணம் செய்வதே அதன் கதை. அந்நால்வருள் ஒருவர் கவிஞர்.

இதற்கிடையே படம் வந்து சொல்லின் இடத்தைப் பற்றத் தொடங்கியது. 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் கோட்டோவியங்களைச் சேர்த்தார். 1990இல் வெளியான 'மங்கி ஐலண்ட்' நகைச்சுவையால் புகழ்பெற்றது. 1993இல் மில்லர் சகோதரர்கள் படைத்த 'மிஸ்ட்', 2002 வரையில் கணிப்பொறி விளையாட்டுகளுள் விற்பனையில் முதலிடம் வகித்தது.

ஆயினும் வீழ்ச்சி நெருங்கியிருந்தது. படத்துக்கும் குரலுக்கும் ஆன செலவு பெருகியது. துப்பாக்கி விளையாட்டுகளின் விரைவு இளைஞரை ஈர்த்தது. உள்ளிருந்தும் நோய் முற்றியது. 1999இல் வந்த 'கேப்ரியல் நைட்'டின் மூன்றாம் பகுதியில், நாயகன் பூனையின் மயிரைத் திரட்டிப் பொய்மீசை செய்து, வேறொருவனாக நடிக்க வேண்டும். அந்த வேறொருவனுக்கோ மீசையே கிடையாது! உடன்படிக்கை இவ்வாறு மீறப்பட்டால் ஆடுபவர் விலகிப் போவது இயல்பே. காரணமற்ற புதிரை ஆழமென்று மயங்கும் பிழை நம் கவிதைகளிலும் இல்லாமலில்லை.

பலர் இவ்வகை மாண்டதென்றே எழுதினர். ஆனால் பணம் விலகிய இடத்தில் அன்பர்கள் எஞ்சினர். கவிஞரும் கணித அறிஞருமான கிரஹாம் நெல்சன் 1993இல் 'இன்ஃபார்ம்' என்னும் நிரலாக்கக் கருவியை உருவாக்கினார். அதனைக் கொண்டு எவரும் எழுத்து விளையாட்டுகளை இயற்றலாம். 1995 முதல் ஆண்டுதோறும் அவற்றுக்குப் போட்டி நடக்கிறது. 2012இல் டிம் ஷேஃபரின் நிறுவனம் புதிய சாகச விளையாட்டொன்றுக்காக 4 இலட்சம் டாலர் வேண்டியபோது, ஆர்வலர்கள் 33 இலட்சத்துக்கும் மேல் வழங்கினர்.

நமக்கு நெருக்கமான செய்தியும் ஒன்று உண்டு. 2023இல் கனடாவின் டொராண்டோ நகரத்துச் சிறு குழுவொன்று 'வெண்பா' என்னும் கதை விளையாட்டை வெளியிட்டது. யாப்பிலக்கண நூலென்று மயங்க வேண்டா; 1980களில் தமிழகத்திலிருந்து அங்குக் குடியேறிய ஒரு தாயின் பெயர் அது. அவள் அன்னை தந்த சமையற் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்துவிட்டன. அவற்றை உய்த்துணர்ந்து இட்டிலியும் புட்டும் சமைப்பதே ஆடுபவரின் பணி. மகனோ தாய்மொழியிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறான். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024இல் சிறந்த முதற்படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது. கிரவுதரின் குகையைப் போன்றே இதுவும் பிள்ளைக்காகப் பெற்றோர் விட்டுவைத்த தடம்.

எதைக் கேட்டாலும் ஏதேனும் ஒரு விடை தரும் உரையாடற்பொறிகள் இன்று பெருகிவிட்டன. எனினும் ஒருவர் அன்போடு ஒளித்து வைத்ததை மற்றொருவர் கண்டெடுக்கும் இன்பம், ஒளித்தவர் ஒருவர் இருந்தால்தான் பிறக்கும். இவ்வகையின் வருங்காலம் பெருநிறுவனங்களைக் காட்டிலும் சிறு குழுக்களையே நம்பியிருக்கிறது என்பது என் துணிபு.

'விளக்கை எடு' என்று தமிழில் தட்டச்சிட்டால், அந்த ஐகாரம் இரண்டாம் வேற்றுமை உருபென்று பொறி உணர வேண்டும். புணர்ச்சியைப் பிரித்தறிய வேண்டும். இதற்கு நிரலாளரோடு இலக்கணம் வல்லாரும் கூடி அமர வேண்டும். பத்தாண்டுகளாகச் சொல்லின் பொருட்டே கூடிவரும் நம் வட்டம், அடுத்த பத்தாண்டில் தமிழால் ஒரு குகையைக் குடைந்து, நம் பிள்ளைகள் கையில் விளக்கைக் கொடுக்குமாயின் அது பயனுள்ள பணியாக அமையும்.